சும்மா நின்ற பதினெட்டு நிமிடம்

என் நைனாவுக்கு,

மணலி புதுநகரில் நீ வழக்கமாக வண்டியை நிறுத்தும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலிருந்து விடாத மழை. கடைக்காரர் கேட்காமலேயே உன் டீயைப் போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக. குடிக்க முடியவில்லை.

நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் டிரெய்லரைத் தம்பி சேகர்தான் ஓட்டுகிறான். தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்களை ஏற்றி எண்ணூர் துறைமுகத்தில் இறக்குகிற அதே வேலை. அதே கம்பெனி ஆபீஸில் நான் கம்ப்யூட்டரில் கணித மாதிரி போடுகிறேன். எத்தனை கார், எத்தனை டிரெய்லர், கப்பல் எப்போது என்று கொடுத்தால், எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

வண்டிகள் ஓடிய பழைய பதிவுகளை அதில் ஏற்றியபோது, உன் வண்டி ஒவ்வொரு தடவையும் இங்கே பதினெட்டு நிமிடம் நின்றது தெரிந்தது. ஒருமுறை உன்னிடமே கேட்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

"இன்னாத்துக்கு நைனா அங்க நிக்கிற?"

"சும்மாதான் கண்ணு."

அட்டவணையில் இல்லாத எல்லா நிறுத்தத்துக்கும் அந்த வார்த்தையையே பெயராக வைத்தேன். என் கணித மாதிரி 'சும்மா'வுக்குப் பூஜ்யம் நிமிடம் ஒதுக்கியது. ஆபீஸில் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன், பெரிய புத்திசாலி!

போன வாரம் சேகர் வீட்டுக்கு வந்து கத்தினான். "யக்கா, நைனா அங்க டீ மட்டுமா குடிச்சாரு? காரைக் கட்டிக்கீற பெல்ட்ட ஒண்ணொண்ணா இழுத்துப் பார்ப்பாரு. ஓடுற ஓட்டத்துல தளந்து பூடும்ல? இப்ப நின்னா 'வண்டிய எடு'ன்னு ஆபீஸ் போன் கத்திக்கினே கீது. நேத்து டிரெய்லர் மேல்தட்டுல இருந்த காரு ஒரு சாண் நவுந்துகீது!"

ஏன் நைனா சும்மா என்று சொன்னாய்? செய்கிற வேலையைச் சொல்ல உனக்கு என்ன கூச்சம்?

மேலதிகாரியிடம் போய் அந்த நிமிடங்களைத் திருப்பிக் கேட்டேன். "பெல்ட் தளர்ந்து விபத்து ஏதாவது பதிவாகியிருக்காம்மா? டேட்டா இருந்தா சேர்த்துடலாம்" என்றார், மரியாதையாகத்தான்.

அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு வந்தேன். சேகரைக் கை காட்டி நிறுத்தி, நானே பெல்ட்டை இழுத்துப் பார்க்கலாம் என்று. காலையில் போனில் சொன்னபோது, "வாக்கா, தொணைக்கு ஆளாச்சு" என்று சிரித்தான்.

என் போனில் அவன் வண்டி ஒரு புள்ளியாக வந்துகொண்டிருந்தது. இந்தக் கடிதத்தை எழுத எடுத்தபோதே, இங்கே வந்து சேருமுன் சடையங்குப்பம் பக்கம் நின்றுவிட்டது. நகரும், நகரும் என்றுதான் இவ்வளவு நேரம் எழுதினேன். நான்கு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டியும் வரக் காணோம். புள்ளிக்குக் கீழே நான் வைத்த பெயர் சிவப்பில் மின்னுகிறது: சும்மா.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அவன் சும்மாவே நின்றிருக்கட்டும், நைனா. போனை வண்டிக்குள் விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி பெல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கட்டும். உன் பதினெட்டு நிமிடத்தை எல்லா வண்டிக்கும் வாங்கிக் கொடுக்காமல் நான் ஓயமாட்டேன், இது சத்தியம்.

அவன் சும்மா நிற்கவில்லை என்றால், அவர்கள் கேட்ட டேட்டா கிடைத்துவிடும்.

உன் மகள்,
சேகரின் அக்கா