வண்டி இன்னும் உங்கள் பேரில்தான்

என்னங்க,

கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். வாழ்ந்த காலமெல்லாம் கூப்பிட்ட மாதிரிதான் கை எழுதுகிறது. என்னங்க, கேட்குதா? நான் சயாமுக்குப் போகத் திட்டம் போட்டேன். ஹாட்யாய்க்கு. அதுவும் நம் காரில், நானே ஓட்டிக்கொண்டு. சிரிக்காதீர்கள்.

தைப்பிங்கைத் தாண்டி நான் வண்டி ஓட்டியதில்லை. ஈப்போவில் பந்தல் போடாத தெரு இல்லை, ஆனால் நாட்டு எல்லையை ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த வயதில்தான் முதல் பாஸ்போர்ட் எடுத்தேன். படம் எடுத்த மலாய்ப் பெண், "ஆன்டி, சிரிக்கக் கூடாது" என்றாள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்து முகம் விழுந்துவிட்டது. படம் ஒழுங்காக வந்தது. ஆனால் அங்கே பிடித்த குற்றவுணர்ச்சி இன்னும் விட்டபாடில்லை.

நீங்கள் போய் வருஷம் முடிவது ஆவணியில். நான் புறப்பட நினைத்தது ஆடியில். இதுதான் விஷயம்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியாததா? ஆடியில் கல்யாணம் இல்லை. கோயில் பந்தல்களை ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாற்காலிகளெல்லாம் கிடங்கில் தூங்கும். மணமேடை ஜோடிக்கும் பார்வதிக்கும் அந்த மாதம் கை காலி. ஒரு நாள் கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"அக்கா, வருஷம் பூரா அடுத்தவங்க கல்யாணத்துலயே நின்னு நின்னு காலு போச்சி. வாங்கலா, ஹாட்யாய் போய்ட்டு வரலாம். நல்ல மீனா பாத்து சாப்புடுவோம்."

"ஒரு வருஷம் ஆவட்டும் பார்வதி."

"அப்பறம் ஆவணியில நீங்க கெடைப்பீங்களா? புரட்டாசியில மீனு திங்க முடியுமா? நல்லா சொன்னீங்க போங்க!"

நியாயமாகத்தான் பட்டது. வியாபாரி புத்தி, கணக்கு சரியாக வந்தால் மனசு பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்துவிட்டது.

பிறகு நான் திட்டம் போட்ட வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடியலில் ஈப்போவிலிருந்து கிளம்புவது, சங்லூனில் நிறுத்தி தாய்லாந்தில் ஓட்ட வண்டிக் காப்புறுதி, அதான் இன்சூரன்ஸ், எடுப்பது, புக்கிட் காயு ஹித்தாமில் எல்லை தாண்டுவது, மத்தியானச் சோற்றுக்கு ஹாட்யாய். மறுநாள் சொங்க்லா கடற்கரை. அதற்கடுத்த நாள் வீடு. போய் வந்தவர்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டேன். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்களாம், பாதி பயம் அதிலேயே போனது. ஐம்பது பந்தல் போடும் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை.

"அவருக்கு ரொம்ப நாள் ஆசை, அவருக்காகத்தான் போறேன்" என்று ஊரில் சொல்லியிருக்கலாம். யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது பொய். தாப்பாவிலிருந்து மலைக்குப் பஸ் ஓட்டி ஏற்றி இறக்குவதே உங்களுக்குப் போதுமாக இருந்தது. லீவு நாளில் வண்டியில் உட்காரச் சொன்னாலே முகம் சுளிப்பீர்கள். ஆசை எனக்குத்தான். போனில் யாரும் பந்தல் கேட்காத ஊரில், நான் அடுக்கி வைக்காத ஒரு நாற்காலியில், கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் சாவுக்கும் நம் பந்தல்தான் போட்டோம். உங்களைக் கொண்டுபோன பிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்ததும் நான் என்னையறியாமல் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கள் தங்கச்சி கமலாதான் ஓடி வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இன்னிக்காச்சும் விடுங்க அண்ணி" என்றாள். அதை அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

அந்தக் கமலாவிடம்தான் நான் பொய் சொன்னேன். பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூட விளக்க மாட்டாள் என்று நீங்களே கிண்டல் செய்வீர்களே. வருஷம் முடியாமல் ஊர் சுற்றக் கிளம்பினால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். தைப்பிங்குக்குப் போன் போட்டு, "கமலா, சயாம்ல தட்டு, கப்பு எல்லாம் மலிவாம். சரக்கு எடுத்துட்டு வாரேன்" என்றேன். தொழில் என்றதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "பத்தரமா போய்ட்டு வாங்க அண்ணி" என்றாள். போனை வைத்ததும் வாய் கசந்தது.

சங்லூனில் காப்புறுதி போட்டுக் கொடுக்கும் கடைக்கு முன்கூட்டியே போன் பண்ணினேன். எடுத்த பெண் நல்ல மாதிரி. பாஸ்போர்ட் வேண்டும், வண்டியின் பதிவு அட்டை, அதான் கிராண்ட், வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "வண்டி யார் பேரில் இருக்கிறது?" என்றாள்.

"என் வீட்டுக்காரர் பேரில்."

"பேர் சொல்லுங்கள், அக்கா."

நான் உங்கள் பேரை வாயால் சொன்னவளா? ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட உங்கள் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து நீட்டியவள். கிராண்ட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அவரும் கூட வருகிறாரா? வரவில்லை என்றால் ஒரு கடிதம் வேண்டும். என் வண்டியை என் மனைவி கொண்டுபோக அனுமதிக்கிறேன் என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட வேண்டும்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் இல்லை, போய்விட்டார் என்று. நான் "சரி" என்றேன்.

ஏன் வண்டியை இன்னும் என் பேருக்கு மாற்றவில்லை என்று கேட்பீர்கள். காப்புறுதி இன்னும் முடியவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. ஏஜெண்டு மட்டும் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, மாத்திருவமா?" என்பான். "அப்பறம் பாப்போம்" என்பேன். போன மாதம் வேகமாக ஓட்டியதற்கு ஓர் அபராதச் சமன் வந்தது. ஓட்டியது நான், தபால் உங்கள் பேருக்கு. பிரித்துப் பார்த்து, மனுஷன் எங்கேயோ இன்னும் வேகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்று தனியாகச் சிரித்தேன். பேரை எடுத்துவிட்டால் அந்தத் தபாலும் நின்றுவிடும். அதற்குத்தான் நாள் கடத்தினேன்.

கடிதத்தை மலாயில் தட்டச்சு செய்து எடுத்து வந்தேன். கிடங்கு மேசையில் வைத்து, அந்த வாரத் தேதி போட்டு, உங்கள் கையெழுத்தைப் போட்டேன். யோசிக்கவே இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்போர்ட், வீட்டுப் பத்திரம், மின்சார மீட்டர் படிவம் என்று எல்லாவற்றிலும் உங்களுக்காக நான்தானே போட்டேன்? "எனக்கு ஸ்டேரிங்தான் சரிப்படும், பேனா ஒனக்கு. நீயே போட்டுடு சரோ" என்பீர்கள். கை அதே சுழிப்போடு தானாகப் போய் நின்றது.

பார்வதி பார்த்துவிட்டுக் கைதட்டினாள். "இதான் அக்கா மூளை! அண்ணனே வந்து போட்ட மாரியே இருக்கு!"

அவள் அப்படிச் சொன்னதும்தான் உள்ளே சுருக்கென்றது. லாரி வாங்கினேன், கடன் எடுத்தேன், கிடங்கு கட்டினேன். எதற்கும் உங்களிடம் அனுமதி கேட்டவள் இல்லை நான். எல்லாம் முடிந்த பிறகு வந்து சொல்வேன், நீங்கள் தலையாட்டுவீர்கள். முதல்முறையாக உங்கள் அனுமதி என்று ஒரு தாள் என் கையில் இருந்தது. அதையும் நானே எழுதிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் கமலா தைப்பிங்கிலிருந்து வந்தாள், உங்கள் திதிக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று பேச. நான் காப்பி கலக்கப் போன நேரத்தில் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, என்னா இது?"

"வண்டிக்கு லெட்டர். பார்டர்ல கேப்பாங்களாம்."

"அண்ணன் எப்ப வந்து கையெழுத்து போட்டுட்டுப் போனாரு?"

நான் காப்பியை அவள் முன்னால் வைத்தேன். "எப்பவும் நான்தானே போடுவேன், ஒனக்குத் தெரியாதா?"

"அது அவரு இருந்தப்ப. இப்ப போட்டா அதுக்குப் பேரு வேற." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மெய்யாலுமே சரக்கு எடுக்கத்தான் போறீங்களா?"

"இல்ல. சும்மா. சுத்திப் பாக்க."

"அத மொதல்லயே சொன்னா என்னா? கடிச்சா தின்னுடப் போறேன்?"

"வருஷம் முடியலன்னு சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன்! சொல்லிட்டு, திட்டிட்டு, போய்ட்டு வாங்கன்னு விட்டுருப்பேன். அதுக்குப் பயந்துகிட்டு செத்தவரு கையால லெட்டர் வாங்குவாங்களா அண்ணி?"

கடிதத்தைக் கேட்டுக் கை நீட்டினேன்.

கமலா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இது அண்ணன் கையெழுத்தே இல்ல. அவரு இப்படிப் போட மாட்டாரு."

மேசையில் கிடந்த அன்றைய நாளிதழின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தை அவளே போட்டுக் காட்டினாள். தமிழில், முழுப் பேரும், அடியில் ஒரு கோடு. உங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் ரிப்போர்ட்டில் நீங்கள்தான் போடுவீர்களாம். பேரை எழுதி முடிக்கும்வரை நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம். "சிரிச்சா தலையில கொட்டுவாரு" என்றாள். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

அந்தக் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பதிவில் போட்டிருப்பீர்கள், நான் தலை குனிந்திருந்தேன். அதற்குப் பிறகு உங்கள் கையெழுத்து என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது என்னுடையதுதான். போடத் தெரிந்தவர் ஏன் என்னிடம் கொடுத்துவிட்டீர்கள்? நான் வேகமாகப் போடுகிறேன் என்றா? என் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு எழுத வெட்கமா? விரும்பிக் கொடுத்தீர்களா, அல்லது நான் கேட்காமலே பிடுங்கிக்கொண்டேனா? நீங்கள் இருக்கும்போது இதைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கமலா கிழிக்கச் சொல்லவில்லை, நானேதான். அவள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"திதி முடியட்டும். வாரிசுக் கடிதத்துக்கு எழுதிப் போட்டு வண்டிய ஒங்க பேருக்கு மாத்துங்க. அப்பறம் புரட்டாசியில போங்க, இல்ல எப்ப வேணும்னாலும் போங்க. ஒங்க வண்டி, ஒங்க பாஸ்போர்ட். எவனையும் கேக்க வேணாம்."

நல்லதாகத்தான் சொன்னாள். ஆனால் எவனையும் கேட்க வேண்டாம் என்றது மட்டும் காதிலேயே நிற்கிறது. கேட்காமலே வாழ்ந்தவளுக்கு, கேட்க ஆள் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பார்வதிக்குத்தான் பெரிய துக்கம். "புரட்டாசியா? சயாம் வரைக்கும் போயி மூணு நாளும் தயிர் சோறா அக்கா?" என்று கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனசு இல்லாமல்தான் ஒத்துக்கொண்டாள். சைவக் கடை எங்கே இருக்கிறது என்று இப்போது அவள்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். நம் மகளும் கோலாலம்பூரிலிருந்து வந்து தேவையான தாள்களில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். "இதுக்கா இவ்ளோ நாள் ஆச்சி?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

இன்னும் மனசு சுத்தமாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரை வண்டியிலிருந்து எடுக்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்த கையோடு ஊர் சுற்றக் கிளம்புவது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் போக ஆசையாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, நான் என்ன செய்ய?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உங்கள் கையெழுத்தை இனி நான் போட மாட்டேன். அவசரத்துக்கும் இல்லை, நல்ல காரியத்துக்கும் இல்லை. பேர் மாற்ற ஏஜெண்டை அனுப்ப மாட்டேன், நானே போய் நிற்பேன். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்துக்கென்று ஓர் இடம் இருந்தால், அதைக் காலியாகவே கொடுப்பேன். அது உங்கள் இடம். இத்தனை வருஷம் நான் அடைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே போட்டிருப்பது என் கையெழுத்து.

உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா