பாதி துடைத்த மோட்டார்

என் அருமை மச்சான் தேவசகாயத்துக்கு,

நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. உன் தங்கை மரியம்மா சுகம். எங்கள் சின்னது, 'மாமா எங்கே' என்று கேட்டால் ஜோலார்பேட்டைப் பக்கம் கையைக் காட்டுகிறது. நான்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலாளியின் கார் ஷெட்டை விட்டு வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? முதலாளியின் ஆம்பூர் தோல் ஷாப்பில், பதனிட்ட தோலுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தேன். முதலாளி மெட்ராஸில் கருப்பு மோட்டார் வாங்கி வந்த அன்று, "பளபளப்பு ஏத்துற ஆளு நீதானேப்பா, இதையும் பாத்துக்கோ" என்றார். தோலும் பெயிண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். மீனெண்ணெயும் மாட்டுக்கொழுப்பும் காய்ச்சி, தோலுக்குத் தேய்க்கிற மாதிரியே அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் தோல் ஷாப்பின் ஆவாரம்பட்டைத் தூளெல்லாம் வண்டிமேல் அப்பிக்கொண்டது. கடைத்தெரு நாய்கள் துரத்தி வந்து மட்கார்டை நக்கின. "இன்னாடா, வண்டிய கறிக்கு ஊற வெச்சியா?" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அதன்பிறகு டின்னில் வந்த சீமை மெழுகைப் பூசிப் பார்த்தேன். நம் வெயிலில் அது பிசுபிசுத்தது. கடைசியில் ஆலங்காயம் சந்தையில் தேன்மெழுகு வாங்கி, உருக்கி வடிகட்டி, அடுப்பை விட்டுத் தள்ளி வைத்து டர்பன்டைன் கலந்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. கொஞ்சமாக எடுத்து ஒரு முழ அகலம் மட்டும் பூச வேண்டும்; வெள்ளையாகப் பூத்ததும் துடைத்துவிட வேண்டும். விட்டால் கெட்டித்துத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். மழைத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியதைப் பார்த்து முதலாளி என் தோளைத் தட்டினார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

நீ வேலை பார்த்த ஜோலார்பேட்டை ரயில் எஞ்சின் ஷெட்டில் எனக்கும் ஒரு வேலைக்குப் பேசி வைத்தாய். போகட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம் முதலாளி முடியாது என்று சொன்னதே இல்லை. "ரம்ஜான் போகட்டும்ப்பா." "பொண்ணு கல்யாணம் முடியட்டும்ப்பா." மரியம்மாவின் பிரசவத்துக்கு டாக்டரம்மாவை அனுப்பியவர் அவர். நாங்கள் இருக்கும் வீடும் அவர் காம்பவுண்டுக்குள் இருப்பதுதான். அன்பாகப் பேசுகிற மனுஷனிடம் எப்படி மச்சான் முறைத்துக்கொள்வது?

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். உயிரோடு இருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தபோது, பானெட்டில் அப்போதுதான் மெழுகு பூசியிருந்தேன். மரியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலுக்கு ஓடினாள். நான் மாலை ரயிலில் வந்து சேர்ந்தபோது உன் மேல் மண் மூடியிருந்தது. "முதலாளி விடல" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். மரியம்மா இன்றுவரை அவரைத் திட்டுகிறாள்.

முதலாளி அன்று ஊரிலேயே இல்லை, மச்சான். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. மெழுகு வெளுத்துக்கொண்டே வந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. பானெட்டைத் துடைத்தேன். பானெட் மின்னியதும் கதவுகள் மங்கலாகத் தெரிந்தன. அழுதுகொண்டே அவற்றுக்கும் பூசித் துடைத்தேன். நான் என்ன பிறவி? இந்தப் பதினோரு மாதமும் பூட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது முதலாளியின் கேட்டில் இல்லை.

போன வாரம் எஞ்சின் ஷெட் மேஸ்திரி ஆள் அனுப்பினார். நீ சொல்லி வைத்த இடம் இன்று சாயங்காலம் வரைதானாம், பிறகு வேறு ஆளுக்காம். காலையில் முதலாளியிடம் போய் நின்றேன்.  ரயில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.  "போப்பா, நல்லா இரு. நாளைக்கு வாணியம்பாடில நிக்காஹ் இருக்குது. வண்டிய மட்டும் முடிச்சுட்டுப் போ" என்றார்.

வழக்கம்போல் தலையாட்டினேன். இடப்பக்கம் முடிந்தது. அவசரத்தில் முழக்கணக்கை விட்டு வலப்பக்கம் முழுக்க ஒரேயடியாகப் பூசி முடிக்கையில்தான் பார்த்தேன், முழுக்கத் துடைத்தால் ரயில் போய்விடும். துணியைக் கீழே போட்டுவிட்டு, மெழுகு சுற்றி வந்த காகிதத்தில் இதை எழுதுகிறேன். கேட்டருகில் மரியம்மா மூட்டையோடு நிற்கிறாள். "இன்னா எழுதினு இருக்கீங்க? ரயிலு போய்டப் போவுது" என்கிறாள். முதலாளியைத் திட்டாதே என்று ரயிலில் அவளிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். அதையும் சொல்ல வேண்டும்.

உனக்கு ஒரு வாக்கு, மச்சான். ரயில் இறங்கியதும் முதலில் உன்னிடம்தான் வருவேன். அன்று போடாத பிடி மண்ணைப் போட்டுவிட்டுத்தான் மேஸ்திரியைப் பார்ப்பேன். கையில் டர்பன்டைன் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்.

வலப்பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. கை அரிக்கிறது. நான் துடைக்கப் போவதில்லை.

உன் தங்கையைக் கட்டியவன்,
இன்று புறப்படுகிற உன் மச்சான்
சாமுவேல்