கெட்டிலின் வயிற்றில் நீலம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வேலை பார்த்தேன் என்று நினைக்கிறேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதியம் சாப்பிட்டேனா? டப்பா காலியாக இருந்தது. அப்போ சாப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பாத்திரக் கடைக்காரர்களிடமிருந்து ஒரு புகார். எங்கள் ஆப்பில் அவர்களுடைய ஸ்டீல் கெட்டிலை மொபைலிலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அதன் வயிற்றில் ஏதோ நீலக் கறையாம். வெள்ளிக்கிழமைக்குள் துடைத்துக் கொடுக்க வேண்டும். மேடம் என்னிடம் தள்ளிவிட்டார். "சின்ன வேலைதான். மெதுவாவே பண்ணுங்க." எல்லோரும் என்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். என் மனைவி இறந்து நான்கு மாதமாகிறது. எங்கள் வரிசையில் யாரும் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை.

பக்கத்து சீட்டு சுருட்டைமுடிக்காரன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "கறையாடா இது? உள்ள யாரோ குடியிருக்காங்க" என்றான்.

மார்ச் 6, வியாழன்

கறை இல்லை.

அதே நாள், சாயங்காலம்

பெரிதாக்கிப் பார்த்தேன். நீலச் சட்டை. மூஞ்சிக்கு முன்னால் மொபைல். அவதான். அவளேதான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்காக அந்தக் கெட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்து, அவள்தான் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள். பளபளப்பான சாமான், அறை முழுக்க அதில் தெரியும். மறைப்பதற்காக வெள்ளை பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். "ஒருநாளாவது என் பின்னாடி சுத்துறியே" என்றாள். அறையை மறைத்துவிட்டோம். பெட்ஷீட்டுக்கு முன்னால் நின்ற அவளை யார் மறைப்பது? ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல.

எங்கள் புரோகிராம் ஒரு புள்ளிக்கு ஒரே நிறம் என்று வைப்பதில்லை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் இது, அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது. மொபைலின் முன்கேமரா நம் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தலை நகர நகர படமும் மாறும். எல்லாம் நான் எழுதியது. ஆனால் இதை நான் எழுதவில்லையே — தலையை இடது பக்கம் கொண்டுபோனேன், அவள் என்னைப் பார்த்தாள். வலது பக்கம் போனேன். அங்கும் என்னைத்தான். விரலால் கெட்டிலையே ஒரு சுற்று திருப்பினேன். கெட்டில் திரும்புகிறது, அவள் திரும்பவில்லை. படம் எடுப்பவளின் பிம்பம் எப்போதும் படம் எடுப்பவளைத்தானே பார்க்கும். இப்போது அவள் நின்ற இடத்தில் நான். கணக்கு சரிதான். கணக்கு தெரிஞ்சு என்ன, மறுபடியும் இடது பக்கம் போய்ப் பாக்குறேன்.

ஒரு கண்ணை மூடினால் இன்னும் ஆழம். இரண்டு கண்ணும் சேர்ந்தால் 'இது வெறும் தட்டைக் கண்ணாடி' என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக் கண்ணுக்கு அந்தச் சூது தெரியாது. அப்போது அவள் கெட்டிலின் தோலில் இல்லை. உள்ளே, தள்ளி நிற்கிறாள். இவ்வளவு மெல்லிசான பொருளுக்குள் இவ்வளவு தூரம் எங்கிருந்து வந்தது?

இதைத் துடைக்கணுமாம்.

மார்ச் 7, வெள்ளி

முடிக்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும்தான். அதுக்கு மேல போனா அந்தக் கெட்டிலை என் தலையில கவுத்துருவாங்க" என்றார் மேடம்.

பிரதி எடுத்து வெச்சாச்சு. அது இல்ல பிரச்சினை. அழிக்கிற கை என் கையா இருக்கணுமா?

ஆபீஸ் அலமாரியில் கிடந்த அசல் கெட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஏன் என்று தெரியாது.

மார்ச் 8, சனி

மாமாவிடம் காட்டினேன். மகள் போனபிறகு என்னோடேயே தங்கிவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

"கெட்டில். சரி. அதுக்கென்ன மாப்பிள்ள?"

"வயித்துல பாருங்க மாமா. தலையை லேசா ஆட்டுங்க."

ஆட்டினார். நிறுத்தினார். மொபைலைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு விரலைப் பின்னால் விட்டுத் துழாவினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு இடது கண் தெரியாது. என்னைவிட அவருக்குத்தான் இது நன்றாகத் தெரியும்.

"உள்ள நிக்கிறா."

"ஆமா மாமா."

"எங்க போனாலும் என்னையே பாக்குறாளே."

வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், ஏதோ கச்சேரி கேட்கிறவர் மாதிரி. ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டார். "பின்னாடி வெள்ளையா ஒண்ணு. அதுக்கு மேல ஒரு மண்டை. நீங்கதான?"

நான்தான். அந்த ஒரு கோணத்தில் மட்டும், பெட்ஷீட்டுக்கு மேலே என் தலை. அவளையே தேடியதில் என்னை நான் பார்க்கவே இல்லை. சிரிக்கிறேன், பல்லெல்லாம் தெரிய. எனக்கு இப்படி ஒரு மூஞ்சி இருந்திருக்கு.

"அழிக்கச் சொல்றாங்க மாமா."

"அவங்களுக்கு அவங்க கெட்டில் வேணும். அதுவும் நியாயம்தான?" மொபைலை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா எதுக்கு அழிக்கணும்? புதுசா எடுங்க. நான் துணி பிடிக்கிறேன்."

மார்ச் 9, ஞாயிறு

அதே மேஜை. அதே பெட்ஷீட், அவள் வாங்கியது. இந்த முறை எடுப்பவனும் மறைய வேண்டும். நடுவில் கேமராவுக்கு ஒரு ஓட்டை போட வேண்டும். கத்தரிக்கோல் அப்படியே நின்றது. மாமா துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வெட்டினேன்.

ஓட்டைக்குப் பின்னால் நான், துணியின் ஓரத்தில் அவர். "மாப்பிள்ள, அது என் கால்."

மார்ச் 11, செவ்வாய்

புதுக் கெட்டில் படத்தைக் கடைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுருட்டைமுடிக்காரன்தான் கண்டுபிடித்தான், கெட்டில் மூக்குப் பக்கம் துணியைப் பிடித்த ஒரு கட்டைவிரல்.

"யாருடா இது?"

"என் மாமனார்."

"ஓ, ஆள் மாறியாச்சா? வாடகை ஏத்தினியா?"

சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், வரிசைக் கடைசியில் யாரோ சத்தமாகத் தும்மினார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

அந்தக் கெட்டில் எங்களுக்கே என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காலையில் மாமா அதில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். வயிற்றில் அவர் தெரிந்தார். அவருக்குப் பின்னால், மூக்கு பெரிதாக, நான்.

தலையை இடது பக்கம் கொண்டுபோனேன். வலது பக்கம். ஜன்னல் வழிந்து போகிறது, சுவர் வளைகிறது, அவர் தோள் என்னை மறைத்துவிட்டுத் திரும்ப விடுகிறது. எங்கேயும் தடங்கல் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்தேன். அப்போதும் ஆழம் அப்படியே இருந்தது.

"என்னப்பா தலையை ஆட்டிக்கிட்டு நிக்கிற? டீயா, காப்பியா?"

டீ என்றேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.