அப்பாவின் ஜப்பான் பீங்கான்

திண்டிவனம்
12-5-1957

அக்காவுக்குப் பொன்னி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் பொங்கலுக்கு வந்தபோது அப்பாவின் ஜப்பான் பீங்கான் தட்டில் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டாய். ரங்கூனில் வாங்கும்போதே அது நூறு வருஷப் பழசு. குண்டு விழுந்தபோது பெட்டியை விட்டுவிட்டு அதைத்தான் வேட்டியில் சுற்றித் தூக்கி வந்தார் அப்பா. சாகும்வரை தினம் சாப்பிட்டதும் அதில்தான். சர்ச்சுக்குப் போகும் வேதக்கார மாப்பிள்ளைக்கு அக்கா எவ்வளவு மரியாதை செய்தாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நேற்று இங்கே சந்தைக்கு வந்திருந்த உன் வீட்டு வேலைக்காரி குப்பம்மாளைப் பார்த்தேன். "அந்தத் தட்ட மாட்டுக் கொட்டாயில சொருகி வெச்சிக்கினு இருக்காங்க. அவரு சாதிக்கு வெண்கலத்துல போட்டா தீட்டாம், பீங்கான்னா பரவால்லியாம்" என்றாள்.

உன் மகள் கிருஷ்ணவேணி கல்யாணத்துக்கு நாங்கள் வரவேண்டுமானால் அவருக்கு உங்கள் வெண்கலக் கும்பாவில் சோறு போடு. இல்லையென்றால் நீ எனக்கு அக்கா இல்லை.

பொன்னி

விழுப்புரம்
16-5-1957

பொன்னிக்கு,

நீ இஷ்டப்படி கட்டிக்கொண்டு போய்விட்டாய். என் மாமியாரிடம் பேச்சு வாங்குவது நான். உன் வீட்டுக்காரரை வாசலோடு அனுப்பச் சொன்னார்கள். சண்டை போட்டுத்தான் உள்ளே உட்கார வைத்தேன். பீங்கான் என்றால் கழுவினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். கும்பா கேட்காதே, என் மகள் கல்யாணம் நின்றுபோகும். நீ மட்டும் வா.

கெங்கம்மாள்

திண்டிவனம்
20-5-1957

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அப்பா தட்டுல சாப்ட்டதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. கழுவி எங்க வெச்சாங்கன்றதுதான்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் வரமாட்டேன். இனி எனக்கு எழுதாதே.

பொன்னி

விழுப்புரம்
14-6-1957

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

கல்யாணம் முடிந்தது. சித்தி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். உன்மேல் கோபம் தீரவில்லை. என்மேலும் தீரவில்லை.

பெண் புருஷன் வீடு போன மறுநாள் கொட்டாயிலிருந்து தட்டைக் கொண்டுவந்து, மாமியார் எதிரிலேயே அதில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவர் என் கும்பாவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். இப்போது அடுப்பங்கரைக்குள் என்னை விடுவதில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் ஞானராஜை அழைத்து வா. நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி. இருப்பது ஒரே தட்டு. முதலில் அவர் சாப்பிடட்டும், கழுவிவிட்டு நான் சாப்பிடுகிறேன்.

உன் அக்கா
கெங்கம்மாள்