திறக்கலாங்களா, டீச்சர்?

மாமா,

போன்ல பேசுனா அழுதுருவேன். அதான் போர் போடற உங்க ரிக் வண்டிக்கு வர்ற டிரைவர்கிட்ட இதைக் கொடுத்தனுப்பறேன்.

இன்னைக்கு எட்டாம் வகுப்புக்கு இதயப் பாடம். போர்டுல படம் போட்டேன், புரியலைன்னாங்க. கையை மூடி மூடித் திறந்து காட்டுனேன். ஸ்கேன்ல பாப்பாவோட இதயம் துடிக்கறதைப் பாத்துட்டு வந்து நீங்க ஊட்டுல எல்லாருக்கும் காட்டுனீங்களே, அதே மாதிரி. நாப்பது புள்ளைங்களும் என்னைப் பாத்துச் செஞ்சாங்க.

நடுவுல என் கை மூடுனது மூடுனபடியே நின்னுருச்சு. புள்ளைங்களும் நிறுத்திட்டாங்க. முன் பெஞ்சு மோகனப்பிரியாதான், "திறக்கலாங்களா, டீச்சர்?"ன்னு கேட்டா.

வளைகாப்பு வளையல் இன்னும் கையிலதான் கெடக்குது. பாப்பா பொறந்தப்புறந்தான் கழட்டணும்னாங்க. இனி எப்பக் கழட்டறதுன்னு யாரும் சொல்லலைங்க.

நீங்களாச்சும் வந்து சொல்லுங்க.

உங்க டீச்சரம்மா