நிழலுக்கு ஓடும் நண்டுகள்

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் நல்ல நாள். நண்டுகளைத் தனித்தனித் தொட்டியில் விட்டு மேலே கறுப்பு அட்டையை அசைத்தேன். நிழல் விழுந்ததும் பறவைதான் வந்துவிட்டது என்று பதறியடித்து ஓடுகின்றன. விடாமல் அசைத்தால், சும்மா பூச்சாண்டி என்று புரிந்துகொண்டு அப்படியே இருந்துவிடுகின்றன. மறுநாள் காட்டினாலும் ஓடுவதில்லை. பாடம் மண்டையில் ஏறிவிடுகிறது.

பாடத்துக்கு முன்னால் மார்ஃபின் ஊசி போட்டவை மட்டும் வேறு. மறுநாள் அதே நிழலுக்கு, முதல் தடவை பார்ப்பதுபோல ஓட்டம்!

"போதையில படிச்சா எப்படிப் பாஸாகும்?" என்றாள் கடுகு. என்கூட வேலை செய்கிறவள். ஆள்தான் கடுகு, வாய் அப்படியில்லை.

குளியலறைக்கு பல்பு வாங்க மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு பாட்டம் முணுமுணுத்துவிட்டுத் தானே போய் வாங்கி வந்தார்.

மார்ச் 5, வியாழன்

அவருக்கு அடிபட்டுவிட்டது. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் இரும்புச் சட்டம் சரிந்து வலது கால்மேல்... ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று அவர் காதுபடவே யாரோ பேசியிருக்கிறார்கள். இன்றைக்கு எழுதியது போதும்.

மார்ச் 6, வெள்ளி

கால் தப்பித்தது. எலும்பு டாக்டரே வந்து சொன்னார். மகளும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மார்ச் 9, திங்கள்

என்னவோ சரியில்லை.

கண் விழித்ததும் கேட்டார்: "காலை எடுத்துட்டாங்களா? மறைக்காம சொல்லு." இல்லை, இருக்கிறது என்று போர்வையை விலக்கிக் காட்டினேன். பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனார். எழுந்ததும் அதே கேள்வி. அதே வெளிறிய முகம், போர்வைக்குள் துழாவும் அதே கை. சாயங்காலம் வரை இப்படியே. ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பயப்படுகிறார்.

வலிக்கு என்ன மருந்து போகிறது என்று நர்ஸிடம் கேட்டேன். மார்ஃபின்.

வேறு யாருக்காவது என்றால் இது வெறும் பெயர். எனக்கு?

மார்ச் 10, செவ்வாய்

எலும்பு டாக்டரை வழிமறித்தேன். "அந்த மருந்தை நிறுத்திடுங்க டாக்டர். அது ஞாபகத்தை என்ன பண்ணும்னு நான் தினமும் பார்க்கிறவ."

"எதுலம்மா பார்க்கிறீங்க?"

"நண்டுல."

மனுஷர் சிரிக்கவில்லை. "உங்க நண்டுக்குத் தொடை எலும்பு உடைஞ்சிருக்கா? வலி, காய்ச்சல், தூக்கமில்லாதது, மருந்து, எல்லாம் சேர்ந்துதான் இந்தக் குழப்பம். தெளிஞ்சிடும்."

நான் விடவில்லை. பிடிவாதம் தாங்காமல் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றார்.

மார்ச் 11, புதன்

குறைத்தார்கள். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கத்தினால் நான் பயந்துவிடுவேனாம். அந்த நிலையிலும்!

மகள் என்னைப் பார்த்த பார்வை. "யாருக்காகம்மா இது? அப்பாவுக்காகவா, உனக்காகவா?"

ஓடிப்போய் நர்ஸிடம் கெஞ்சினேன், பழைய அளவே கொடுக்கச் சொல்லுங்கள் என்று. டாக்டரைக் கேட்டுப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தளர்ந்தது.

எனக்காகத்தான். என்னையே மறந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அதான் பயம். வேற என்ன.

மார்ச் 13, வெள்ளி

மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் கடுகு பாக்கிக் கூட்டத்தைச் சோதித்திருக்கிறாள்: தெளிவாக இருக்கும்போது பாடம் கற்று, அதற்கப்புறம் மார்ஃபின் வாங்கிய நண்டுகள். மருந்தின் வேகம் முழுக்க இறங்கியதும் நிழலைக் காட்டியிருக்கிறாள்.

"நீயே பாரு," என்று அட்டையை என் கையில் கொடுத்தாள்.

அசைத்தேன். ஓடவில்லை. அடுத்த தொட்டி. அதுவும் ஓடவில்லை. ஒன்றிரண்டு அசடுகளைத் தவிர மற்றதெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. பழைய பாடம் அழியவே இல்லை! போதையில் கோட்டை விட்டவைகூட, தெளிந்தபிறகு சொல்லிக்கொடுத்ததும் மற்றவை போலவே கற்றுக்கொண்டனவாம்.

நண்டு நண்டுதான், மனுஷன் மனுஷன்தான். இதை வைத்து அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அது எனக்கே தெரியும். இருந்தும் தொட்டிமேல் குனிந்து அழுதேன்.

"தள்ளி நின்னு அழு," என்றாள் கடுகு. "தண்ணியில உப்பு அளவு மாறிடும்." சொல்லிவிட்டு அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

மார்ச் 17, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. வலியும் அடங்கி வருகிறது. ஊசியைக் குறைத்து மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். இந்தத் தடவை டாக்டராகவே எடுத்த முடிவு, நான் வாயே திறக்கவில்லை. கால் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

மார்ச் 21, சனி

கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கண் விழித்ததும் நானே ஆரம்பித்தேன்: "கால் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க."

"அதான் நேத்தே சொன்னியே. ஒரே பாட்டைப் பாடாதே, தலை வலிக்குது."

வராந்தாவுக்கு ஓடி மகளுக்கு போன் போட்டேன். "அப்பா என்னைத் திட்டறாருடி!"

"நிஜமாவா? என்ன சொல்லித் திட்டினாரு? ஒண்ணு விடாம சொல்லு."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாளியோடு போன துப்புரவுக்காரர் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அடிபட்டதிலிருந்து ஊசி நின்றது வரை மட்டும் அவருக்கு வெறும் புகைமூட்டம். எத்தனை தடவை பயந்தார் என்பதும் நினைவில்லை. போகட்டும். அது எதற்கு?

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்துவிடுகிறார். வந்து குழம்பில் உப்பில்லை என்கிறார்.

மத்தியானம் திடீரென்று, "உன் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தானே, என்னைப் பார்க்கவா வந்தான்? தலைமாட்டுல இருந்த ஆரஞ்சையெல்லாம் உரிச்சு உரிச்சுத் தின்னுட்டு, கிரிக்கெட் பேசிட்டுப் போனான். கட்டம் போட்ட சட்டை."

தம்பி வந்தது ஊசியை நிறுத்திய பிறகு. ஆரஞ்சும் உண்மை, கிரிக்கெட்டும் உண்மை. சட்டையை நான் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

ஒன்றை எடுத்து உரித்தார். "அவனுக்கும் ரெண்டு எடுத்து வை," என்றார். "ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கான்."