பிளக்கில் மாட்டிய மீட்டர்

ஆடி, வியாழக்கிழமை இரவு

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பித்ததும் கரண்டு பில் ஏறியது. எது இழுக்கிறது என்று பார்க்கத்தான் கம்ப்யூட்டருக்கும் டேபிள் ஃபேனுக்கும் பிளக்கில் மாட்டி, அளவைப் போனில் பார்க்கிற மீட்டர் ஒவ்வொன்று வாங்கினேன். அந்த அளவெல்லாம் என் கணவர் போனிலும் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது.

காரியாபட்டியில் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மத்தியானம் பூரா கம்ப்யூட்டரு ஓடலையே, எங்க போயிருந்த?”

“காய்ச்சலு. படுத்துக் கெடந்தேன்.”

மறுபடி போனைப் பார்த்தார். “ஃபேனும் ஓடலையே?”

“குளிர்ல நடுங்குறப்ப யாரு ஃபேன் போடுவா?”

பக்கத்தில் வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார். சுட்டது. எனக்குக் காய்ச்சல்தான் என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அவர் கையைத் தட்டிவிட்டு இரண்டு மீட்டரையும் பிடுங்கினேன்.

மாத்திரை போட்டாயா என்று இதுவரை கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறார்.